மாந்தோப்புக்குச் சாம்பல் நிறம்

அத்தியாயம் பதினேழு

சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தவளுக்குக் கோபம் எத்தனை நாள் தாங்கும்? மற்றவர்களுக்கு எப்படியோ, அருணாவுக்கு அது ஆறவே இல்லை. பஸ் ஏறி ஓசூர் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்த பிறகும், தலைக்குக் குளித்தாலும், தோசை ஊற்றினாலும் அண்ணன் பிரகாஷ் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டிக் குடுத்தா நீ வேற வூடு. தோட்டத்துப் பேச்சு உனக்கு என்னாத்துக்கு?"

அவள் பங்கா கேட்டாள்? இந்த வருஷம் பெங்களூரா ரக மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்குப் போடுகிறோமா, வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுகிறோமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். அதற்குத்தான் அந்தப் பதில். அப்பா ராஜப்பன் காது கேட்காதவர் போல ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். அம்மா வெள்ளையம்மா மட்டும், "சாப்புடற நேரத்துல என்னடி பேச்சு" என்றாள். அதுவும் அருணாவைப் பார்த்து! பேசினவன் அவன். ஏச்சு இவளுக்கு.

பிரகாஷுக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. எப்போது வேண்டுமானாலும் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். பர்மனன்ட் என்ற ஒரு சொல்லுக்காக அவன் ஏங்குவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத் தங்கச்சியை வேற வீடு என்று சொல்ல வேண்டுமா?

அந்தக் கோபத்தோடுதான் அன்று காலை அருணா வேலைக்கு வந்தாள்.

பாகலூர் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். கம்பெனிகளுக்குத் திட்ட அறிக்கையும், கூட்டங்களில் காட்ட பவர்பாயின்ட் ஸ்லைடுகளும் செய்து கொடுப்பது தொழில். முதலாளி குருமூர்த்திக்கு ஒரு வினோதமான பழக்கம். புதிதாகச் சேருகிறவர்களின் மவுஸை முதல் நாளே பிடுங்கித் தன் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். எல்லா வேலையும் கீபோர்டிலேயே நடக்க வேண்டும்.

"மவுஸைத் தொடறவன் மாட்டு வண்டியில பெங்களூரு போறவன்" என்பார்.

சேர்ந்த புதிதில் அருணா கழிவறைக்குப் போய் அழுதிருக்கிறாள். அப்புறம் விரல் பழகிவிட்டது. கன்ட்ரோலும் டி-யும் தட்டினால் ஒரு ஸ்லைடு இரண்டாகும். கன்ட்ரோலும் ஜி-யும் தட்டினால் சிதறிக் கிடக்கும் கட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டத்தின் நிறத்தை எடுக்கக் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. அதை இன்னொன்றின் மேல் பூசக் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. மற்றவர்கள் மெனுவைத் தேடும் நேரத்தில் அவள் வேலையை முடித்து டீ குடித்துவிடுவாள். இன்றைக்கும் அவள் மேஜையில் மவுஸ் கிடையாது. வேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை.

"அருணா, ரூபாவுக்குக் காய்ச்சல். அவ செஞ்ச பிளாக் சி ஸ்லைடை நீ முடிச்சுக் குடு. கூட்டத்துக்குப் போகப் பத்தரைக்குக் கார் வந்துடும்" என்றார் குருமூர்த்தி.

பிளாக் சி. அவ்வளவுதான் தலைப்பு. ஊர்ப் பெயர் இல்லை. ஒரு தனியார் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்போகும் நிலத்தின் வரைபடம். ஒவ்வொரு நிலமும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சர்வே நம்பர். பெரும்பாலும் பச்சை, அங்கங்கே சாம்பல்.

குருமூர்த்தி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அப்படி முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னம்மா இது, பச்சை கண்ணைக் குத்துது. எல்லாத்தையும் சாம்பலாக்கிடு."

"சார், பச்சைன்னா வெள்ளாமை நடக்கற நெலம். சாம்பல்னா தரிசு. ரூபா ஓரத்துல எழுதியிருக்கா பாருங்க."

"எனக்குத் தெரியாதா? கிளையன்ட் அப்பிடித்தான் கேக்கறாரு. பேசி முடிச்ச விஷயம். ஸ்லைடு போடறதுதான் நம்ம வேலை, விவசாயம் இல்ல."

"இல்ல சார், அங்க பயிர் வச்சிருக்கறவங்க…"

"மணி பாரு!"

அவள் பார்த்தாள். பத்தடிக்கப் போகிறது. இந்த மனுஷன் முதுகை விட்டு நகர்ந்தால் போதும் என்று இருந்தது. ஒரு சாம்பல் கட்டத்தின் நிறத்தை எடுத்தாள். மொத்தக் கட்டங்களையும் ஒன்றாகப் பிடித்தாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. பச்சை முழுவதும் போய்விட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போனால் எனக்கே பொறுக்காது. அவள் கையில் மவுஸ் இருந்திருந்தால் ஒவ்வொரு தோட்டமாகத் தொட்டுத் தொட்டு நிறம் மாற்றியிருப்பாள். பத்தாவது தோட்டத்திலாவது கை கூசியிருக்கும். ஓடை வளைகிற இடத்தில், நாக்கு நீட்டினது போல் கிழக்கே நீண்டிருந்த அந்த நிலத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியிருக்கும். ஒரே தட்டில் ஊரையே தரிசாக்கினால் எது தெரியும்?

"அதான் அருணா!" என்றார் குருமூர்த்தி. "நீயும் வா. ஸ்லைடை நீயே ஓட்டு."

அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அந்தப் பெருமையை நினைத்துத்தான் தன்னையே அதிகம் திட்டிக்கொண்டாள்.

சூளகிரி தாண்டும் வரை அவள் எதுவும் கேட்கவில்லை. குருபரப்பள்ளியில் கார் இடது பக்கம் திரும்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், கூட்டம் எங்க?"

"வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு கல்யாண மண்டபம்."

"பிளாக் சி-ன்னுதான சார் இருந்தது?"

"ஊர்ப் பேரைப் போட்டா கூட்டத்துக்கு முன்னாடியே விஷயம் கசிஞ்சுடும்னு கிளையன்ட் வேணாம்னுட்டாரு. ஏன், உங்க ஊரு இந்தப் பக்கமா?"

அவள் லேப்டாப்பை மடியில் திறந்து வரைபடத்தை வைத்துக்கொண்டாள். ஓடை வளைகிறது. கிழக்கே ஒரு நீண்ட நிலம். எங்களுடையதா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஓடை பத்து இடத்தில் வளைகிறது. வீட்டில் அந்த நிலத்துக்குப் பேர் ஓடக்கரைத் தோட்டம். எந்த மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும், எந்த மூலையில் கட்டுவிரியன் கிடக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சர்வே நம்பர் மட்டும் தெரியாது. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

பிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நம்ம தோட்டத்து சர்வே நம்பர் என்ன?"

"யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல. அவசரம்ணா, சொல்லு."

"வக்கீல் கிட்ட போயிட்டியா? அந்த அளவுக்கு வந்துட்டியா நீ?"

"அய்யோ! வக்கீலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நம்பரைச் சொல்லு!"

"வைடி போனை."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டாள்.

"நம்பரா? அது என்ன நம்பரோ கண்ணு, நான் என்னத்தைக் கண்டேன்" என்றாள் வெள்ளையம்மா. "பட்டாவெல்லாம் பீரோவுல, சாவி உங்கப்பா இடுப்புல. கட்டிக்கிட்டு வந்த நாளா அந்தப் பீரோவை நான் தொறந்ததில்ல."

"அப்பா கிட்ட போனைக் குடும்மா."

"உன் போனுன்னா அவரு வாங்க மாட்டாரு. இங்க ஒரே கூட்டமா இருக்குது, ஒண்ணும் கேக்கல. என்னமோ தொழிற்பூங்காவாம், மண்டபத்துக்கு வரச் சொன்னாங்க. உங்கண்ணனும் வந்திருக்கான்."

அருணா போனை வைத்தாள்.

"சார், அந்த மேப்பை மாத்தணும். அது எங்க தோட்டமா இருக்கும்."

"இருக்குமா?" குருமூர்த்தி முன் சீட்டிலிருந்து கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நம்பர் சொல்லு, பார்க்கலாம்."

அவள் அந்த நீண்ட கட்டத்தை விரலால் காட்டினாள்.

"நம்பரே தெரியாது, உங்க தோட்டமாம். பேசாம வாம்மா."

அந்தச் சிரிப்புக்கே அவரை ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு வழி பண்ணிக் கொடுத்தது யார்? அண்ணன் மேலும் அப்பா மேலும் வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

மண்டபத்தில் ஃபேன்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. மேடையில் திரை. ஓரத்து மேஜையில் அருணாவின் லேப்டாப். நடுவில் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி, பக்கத்தில் எழுத்தர். முன் வரிசையில் ராஜப்பனும் வெள்ளையம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த மகளை இருவருமே கவனிக்கவில்லை. பிரகாஷ் கடைசி வரிசையில் கதவோரம் நின்றான்.

அதிகாரி எழுந்தார். "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சாகுபடி நெலத்துல கை வைக்கறதா இல்ல. தரிசு நெலம் மட்டும்தான் திட்டத்துல வரும். சாகுபடி நெலம்னா பட்டாதாரரே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான்."

கூட்டம் நிம்மதியாகத் தலையாட்டியது.

குருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். நிலம் கொடுக்கிற குடும்பத்தில் ஒருவருக்குப் பர்மனன்ட் வேலை, தார் ரோடு, ஆஸ்பத்திரி. அவர் தலையசைக்க அசைக்க அருணா ஸ்லைடைத் தள்ளினாள். வரைபடம் வந்தது. திரை முழுக்கச் சாம்பல்.

"இந்த ஏரியா பூராவும் தரிசு. அதனால யாருக்கும் நஷ்டம் கிடையாது."

"ஏய்! நிறுத்து!"

ராஜப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நாப்பத்தியேழு பார் ரெண்டு! அது என் தோட்டம்யா! எவன்யா அதைத் தரிசுன்னது?"

நாற்பத்தேழு பார் இரண்டு, 47/2. தன் வீட்டுத் தோட்டத்தின் நம்பரை அருணா பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கேட்டாள். ஓடை வளைகிற இடம். கிழக்கே நீண்ட நிலம். அதேதான்.

"காய் கனத்துத் தொங்குதுய்யா அங்க! போயிப் பார்த்தியா நீ? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பெரியவரே, ரெக்கார்டுபடிதான்…"

"ஏமி அன்யாயம்ரா இதி!" பின்னாலிருந்து மாரம்மா தெலுங்கில் கத்தினாள். ராஜப்பன் தோட்டத்துக்கு மேல் வரப்புக்காரி. "என் ராகியும் தரிசா? அவரையும் தரிசா? நேத்திக்குக் களை பறிச்சேன்டா பாவி!"

மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. ராஜப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்கே ஏறினார். ஏறினவர் அப்படியே நின்றார். மேஜைக்குப் பின்னால் மகள்.

"நீயா?"

குருமூர்த்தி சட்டென்று திரும்பினார். தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஓ, உங்க பொண்ணா? நல்லதாப் போச்சு. இந்த மேப்புக்குக் கலர் போட்டதே இவங்கதான். எங்களை ஏன் திட்டறீங்க? உங்க பொண்ணையே கேளுங்க."

மைக்கில் சொன்னார். மண்டபத்துக்கே கேட்டது.

வெள்ளையம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். யாரோ, "வேலியே பயிரை மேஞ்சிடுச்சுடா" என்றார்கள். ராஜப்பன் கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

அருணாவுக்கு உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. காலையில் முதுகுக்குப் பின்னால் நின்று போடு போடு என்று விரட்டினவர் இவர். இப்போது கூட்டத்துக்கு முன்னால் கை காட்டுகிறவரும் இவரே. சீ, இதுவும் ஒரு மனுஷப் பிறவியா?

அவள் பி-யைத் தட்டினாள்.

திரை இருண்டது. "கரென்ட் போச்சு, கரென்ட் போச்சு" என்று ஒரு குரல். ஃபேன்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கரென்ட் போகவில்லை என்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். காட்சி ஓடும்போது பி-யைத் தட்டினால் திரை கறுப்பாகும். கற்றுக் கொடுத்ததே குருமூர்த்திதான்.

அவர் மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "அருணா. பி-யை எடு."

"எடுக்கறேன் சார்."

மறுபடி பி. அப்புறம் ஆறு. என்டர்.

திரை பச்சையானது. ரூபா செய்த பழைய வரைபடம், ஒவ்வொரு தோட்டமும் அதனதன் நிறத்தில். நிறம் மாற்றும் முன் அருணா ஸ்லைடை இரண்டாக்கிப் பழையதை மறைத்து வைத்திருந்தாள். மறைத்த ஸ்லைடு தானாக ஓடாது. அதன் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் வந்து நிற்கும். பழசை அழிக்காதே, கிளையன்ட் மனசு மாறுவான் என்று அதையும் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான்!

குருமூர்த்தி பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினார். திரையில் நீலம் மட்டும் நின்றது.

"அதை மறுபடி மாட்டுங்க" என்றார் அதிகாரி.

"சார், அது பழைய டிராஃப்ட். தப்பு."

"நான் உங்களைக் கேக்கல." அதிகாரி அருணாவிடம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. எது சரி?"

"பச்சைதான் சார். நெலத்துல போயிப் பார்த்து ரூபா போட்டது அது. இன்னைக்குக் காலையில நான்தான் சாம்பலாக்குனேன். தப்புன்னு எனக்கே பட்டுச்சு. இவரு போடச் சொன்னாரு, போட்டேன்."

"நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராதே" என்றார் குருமூர்த்தி.

"வரல சார். டிராயர்ல என் மவுஸ் கெடக்குது, நீங்களே வச்சுக்குங்க. மாட்டு வண்டிக்கு ஆகும்."

அதிகாரி சாம்பல் வரைபடத்தை ஏற்க மறுத்துவிட்டார். பச்சையே பதிவாகும் என்றார். பட்டாதாரர்கள் ஒவ்வொருவராக வந்து ஆட்சேபணையா, சம்மதமா என்று எழுத்தரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கே, அவர் கிளம்பும் முன்.

வரிசை கிடுகிடுவென்று நீண்டது. இரண்டு பேர் அருணாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாரம்மா தட்டிக் கொடுக்கவில்லை. எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டி, ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன் இங்க எந்திரிக்கலைன்னா நீ வாயத் தொறந்திருப்பியா?"

அருணா ஒயரைச் சுருட்டினாள்.

"என் நெலம் மட்டும் அதுல இருந்தா? கம்முனு தட்டிட்டுப் போயிருப்ப. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். படிச்சிருக்கியே, இது தெரியலையா?"

சொல்லிவிட்டு மாரம்மா வரிசைக்குப் போய்விட்டாள். சரியாகத்தானே கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ராஜப்பன் வந்தார். "அடுத்தவ நெலம் கெடக்கட்டும். சொந்தத் தோட்டம் தெரியலையா உனக்கு? பெத்த அப்பன் மரத்துல சாம்பலைக் கொட்டிட்டு, அப்புறம் என்னத்தைக் காட்டி என்ன?"

அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

"எப்பிடிப்பா தெரியும்? எப்பிடித் தெரியும்? கட்டத்துல இருந்தது மரமா, நம்பரு! எனக்கு நீ நம்பர் சொன்னியா? ஒரு நாளாவது பட்டாவை எடுத்து, இது நம்ம நெலம் பாரு கண்ணுன்னு காட்டுனியா? கார்ல வரும்போது அண்ணனுக்குப் போன் போட்டுக் கெஞ்சுனேன். வக்கீல் கிட்ட போனியாங்கறான்! எங்க நான் பங்கு கேட்டுடுவேனோன்னு பயம். எங்கிட்ட மறைச்சு மறைச்சுத்தான் இன்னைக்கு என் கையாலயே அதை அழிச்சேன்!"

"மெதுவா பேசு. ஊரு பாக்குது."

"பாக்கட்டும்! நல்லா பாக்கட்டும்!"

"பொட்டைப் புள்ளைக்கு நம்பர் என்னாத்துக்கு…" என்று ராஜப்பன் ஆரம்பித்தார்.

"எனக்கும்தான் தெரியாது."

வெள்ளையம்மா. சத்தம் போடவில்லை. ஆனாலும் ராஜப்பன் நிறுத்திவிட்டார்.

"எனக்கும்தான் தெரியாது. அந்தச் செடிக்கு எல்லாம் கொடத்துல தூக்கித் தூக்கி ஊத்துனது நானு. நீ கத்துனப்பத்தான் நம்பரு என்னன்னு எனக்கே தெரிஞ்சுது. அவளை மட்டும் கேக்கற?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, வூட்டுல போயி வச்சுக்கறேன் உன்னை. இப்ப போ. வரிசையில நின்னு ஆட்சேபணைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வா."

ராஜப்பன் நகரவில்லை.

"போய்யா. அதிகாரி கெளம்பறாரு."

அவர் மகளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. மண்டபத்துக் கதவோரம் நின்றிருந்த பிரகாஷைப் பார்த்தார். இத்தனை கூச்சலிலும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றவன் அவன் ஒருவன்தான். அது அப்போதுதான் அருணாவுக்கு உறைத்தது.

"நான் போட முடியாது" என்றார் ராஜப்பன்.

"ஏன்?"

"பட்டா என் பேர்ல இல்ல."

"என்னது?"

"தை மாசமே இவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கு இவ வந்து கேட்டா பிரச்சினைன்னான். சரின்னு போட்டேன்."

மேடையில் எழுத்தர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கேட்காத பங்குக்காக, கேட்பதற்கு முன்னாலேயே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்!

வெள்ளையம்மா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நேரம் யாரு தோட்டத்துக்குய்யா தொண்டை கிழியக் கத்துனே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையம்மா அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. விறுவிறுவென்று கதவோரம் போனாள். பிரகாஷின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன், "அம்மா, கையை விடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். விடவில்லை. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போன மாதிரி, வரிசையை மீறி, மாரம்மாவைத் தள்ளிக்கொண்டு, நேரே அதிகாரியின் மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவன் பேர்லதானாம் சார். எழுதிக்குங்க. நாப்பத்தியேழு பார் ரெண்டு."

எழுத்தர் தாளைப் புரட்டினார். "பிரகாஷ், தகப்பனார் பேரு ராஜப்பன். நீங்கதானே?"

"ஆமா சார்."

"இந்தாங்க. இங்க போடுங்க."

பிரகாஷ் பேனாவை வாங்கினான். பின்னால் அம்மாவின் மூச்சு அவன் தோளில் பட்டது. ராஜப்பன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். மேடைக்குக் கீழே குருமூர்த்தி லேப்டாப்பைப் பையில் போடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுண்ணா" என்றாள் அருணா. "எனக்கு வேணாம். அந்தத் தோட்டம் எனக்கு வேணவே வேணாம். நீயே வச்சுக்க. கையெழுத்தைப் போடு, போதும்."

பிரகாஷ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். அப்புறம் அதிகாரியிடம், அம்மாவுக்கு நன்றாகவே கேட்கும்படி கேட்டான்.

"சார், சம்மதம்னா எந்தப் பக்கம் போடணும்?"